நாகலூரிலிருந்து டெலிகாம் கஸ்டமர் சப்போர்ட் வேலை: சேர்வதற்குள் வீட்டில் என்னென்ன தயார் பண்ணணும்?

மலைவீடு

வணக்கம். ஒரு பெரிய டெலிகாம் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை கிடைச்சிருக்கு. பிராட்பேண்ட் டெக்னிக்கல் சப்போர்ட், எல்1 (வாடிக்கையாளர் முதலில் பேசும் நிலை), வாய்ஸ் பிராசஸ் (ஃபோனில் பேசும் வேலை), தமிழும் இங்கிலீஷும். சம்பளம் மட்டும் வேறொரு வெண்டர் (ஆள் எடுத்துக் கொடுக்கும் கம்பெனி) பேரோலில். சேர இன்னும் மூணு வாரம் இருக்கு.

அவங்க கேட்டிருப்பது: 50 எம்பிபிஎஸ் இணைப்பு (வைஃபை கூடாது, கேபிள் போட்டுத்தான்), மாற்று இணைப்பு ஒன்று, 2 மணி நேர பவர் பேக்கப், கதவு சாத்தக்கூடிய தனி அறை. லேப்டாப்பும் ஹெட்செட்டும் கூரியரில் வரும்.

வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். லோக்கல் கேபிள் ஆபரேட்டர் கொடுத்த ஃபைபர் இருக்கு, 100 எம்பிபிஎஸ் பிளான். இல்லேன்னா சேலம் அம்மாபேட்டையில் சித்தி வீட்டு மாடி. அங்கே நெட்டும் கரண்டும் பரவாயில்லை, ஆனா சுத்தியும் தறி. எங்கே உட்காருவது நல்லது? ஸ்பீட் டெஸ்ட்டில் 94 காட்டுது, போதும்தானே?

ஒளிக்கம்பி

அந்த 94-ஐ ஒரு ஓரமா வைங்க. அது உங்க ஓஎன்டியிலோ (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் பெட்டி) லேப்டாப்பிலோ இருக்கிற 100 எம்பிபிஎஸ் போர்ட்டோட உச்சம், அவ்வளவுதான். ஒரு வாய்ஸ் கால் ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவா மாத்தும் முறை) போனால் ஒரு திசைக்கு சுமார் 87 கேபிபிஎஸ் எடுக்கும். 1 எம்பிபிஎஸ்ஸில் பத்துப் பேர் பேசலாம். 50 கேட்பது ரிமோட் டெஸ்க்டாப் திரைக்கும் அப்டேட்டுக்கும், வீட்டில் மத்தவங்க வீடியோ பார்ப்பதற்கும் இடம் விட்டுத்தான்.

குரல் கெடுவது வேகம் பத்தாமல் இல்லை. பாக்கெட் (டேட்டா போகும் சின்னத் துண்டு) தொலைவதால், அல்லது சீரில்லாமல் முன்னும் பின்னுமாக வந்து சேருவதால். இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்கணும், ஜிட்டர் (அந்தச் சீரின்மை) 30 மில்லிசெகண்டுக்குள், ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள். ஸ்பீட் டெஸ்ட் பத்து பதினைந்து விநாடி ஓடிட்டு நல்ல எண்ணைக் காட்டிட்டுப் போயிடும். எட்டு மணி நேரத்தில் எத்தனை தடவை விட்டு விட்டுப் போச்சுன்னு அது சொல்லாது.

இப்படிச் சோதிங்க. லேன் கேபிளைப் போட்டு வைஃபையை ஆஃப் பண்ணுங்க. ரெண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ஒன்றில் உங்க ரவுட்டர் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8-க்கு, தலா 500 பிங் (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருதான்னு பார்ப்பது). ரவுட்டருக்கே விட்டுப்போனால் குறை வீட்டுக்குள்: கேபிள், போர்ட், அடாப்டர். ரவுட்டருக்குப் பூஜ்யம், வெளியே மட்டும் இழப்புன்னா ஆபரேட்டர் பக்கம். காலை 10 மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை. ராத்திரியில் மட்டும் மோசம்னா அது நெரிசல், வயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்புறம் ஓஎன்டியோட அட்மின் பக்கத்தில் பான் ஸ்டேட்டஸ் அல்லது ஆப்டிகல் இன்ஃபர்மேஷன்னு ஒரு இடம் இருக்கும். அதில் ஆர்எக்ஸ் பவர் (உங்க பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு; டிபிஎம் அலகில் வரும், மைனஸ் எண் பெருசானா ஒளி குறைவு) என்னன்னு பார்த்து இங்கே போடுங்க.

தறிமேடு

அம்மாபேட்டை மாடியைப் பற்றி மட்டும் சொல்றேன். விசைத்தறிச் சத்தத்தைக் குறைச்சு எடைபோடாதீங்க. ஹெட்செட்டில் நாய்ஸ் கேன்சலிங்னு போட்டிருப்பது ரெண்டு விதம். காதுக்குள் சத்தத்தைக் குறைப்பது ஒன்று, மைக் வழியாகப் போகும் சத்தத்தைக் குறைப்பது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. அதுவும் ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீரான இரைச்சலைத்தான் நல்லா வடிக்கும். தறியோ நாடா அடிக்கும் ‘டக் டக்’. அந்த மாதிரி வெட்டு வெட்டான சத்தத்தை வடிக்கப் போய் உங்க பேச்சோட முதல் எழுத்தையும் சேர்த்து விழுங்கும். ‘பச்சை லைட்டா?’ன்னு நீங்க கேட்டது எதிராளிக்கு ‘ச்சை லைட்டா’ன்னு போகும். செவ்வாப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்கு மேல் உட்கார்ந்தாலும் இதே கதிதான்.

தெருவைப் பார்க்காத அறை, மரக்கதவு, அடியில் துணிச் சுருட்டு, ஜன்னலுக்கு கனத்த ஜமுக்காளம், இன்னொரு சுவர் ஓரம் துணி அடுக்கிய பீரோ. இதெல்லாம் எதிரொலியைக் குறைக்கும், தறியை நிறுத்தாது. தறி ஓட்டம் சுவர் வழியா அதிர்வாகவும் வரும். மேஜையை சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடணும், கால்களுக்கு அடியில் ரப்பர். மைக் வாய்க்கு நேரா வேண்டாம், உதட்டோரத்தில் ரெண்டு விரல் தள்ளி.

ஆடி மாசம் ஒன்று இருக்கு. கோட்டை மாரியம்மனில் தொடங்கி சேலத்தில் தெருவுக்குத் தெரு கோயில் விசேஷம். ஒலிபெருக்கி கட்டிட்டா ஜமுக்காளம் எதுக்கும் ஆகாது. அந்த நாட்களுக்கு லீவையோ வேறு இடத்தையோ ரோஸ்டர் (ஷிப்ட் அட்டவணை) போடுவதற்கு முன்பே சொல்லி வைக்கணும்.

மலைவீடு

நன்றிங்க. எடுத்துப் பார்த்தேன். ரவுட்டருக்கு 500-க்கு 500. வெளியே 500-இல் 9 போகலை. ஆர்எக்ஸ் பவர் -26.8 டிபிஎம். எல்ஓஎஸ் (ஒளி வரலைன்னு காட்டும்) லைட் சிவப்பு வரலை, நெட் ஓடத்தான் செய்யுது.

ஒளிக்கம்பி

9 போனால் 1.8 சதவீதம். வாய்ஸுக்கு ஆகாது. காரணமும் அந்த எண்ணிலேயே இருக்கு. ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் முறை) ஓஎன்டி தாங்கும் கடைசி எல்லை பொதுவாக -27 பக்கம். நீங்க விளிம்பில் நிக்கிறீங்க. எல்லை தாண்டினால்தான் சிவப்பு லைட். விளிம்பில் இருக்கும்போது லைட் பச்சையாவே இருந்துகிட்டு பாக்கெட் மட்டும் உதிரும்.

ஆபரேட்டர்கிட்ட ‘நெட் ஸ்லோ’ன்னு சொன்னா ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். கணக்கோட பேசுங்க. ஓஎல்டியிலிருந்து (ஆபரேட்டர் பக்கத்தில் ஒளியை அனுப்பும் பெட்டி) சுமார் +3 டிபிஎம் கிளம்பும். 1:8 ஸ்ப்ளிட்டர் (ஒரு ஒளியை எட்டாப் பிரிப்பது) ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10.5 டிபி (ஒளி இழப்பின் அலகு) தின்னும், ரெண்டு அடுக்குன்னா 21. ஃபைபர் கிலோமீட்டருக்கு 0.3-ன்னு வச்சு 10 கிலோமீட்டருக்கு 3. இணைப்புகளுக்கு 1. மொத்தம் கழிச்சா -22 வரணும். உங்களுக்கு 5 டிபி போல கூடுதலா போகுது, அதாவது வர வேண்டிய ஒளியில் மூணில் ஒரு பங்குதான் வருது. அவர் ஸ்ப்ளிட்டர் அமைப்பு வேற மாதிரி இருந்தா கணக்கு மாறும். அதையும் அவர்கிட்டயே கேட்டுக்குங்க.

அந்த 5 டிபி எங்கே போகும்? முதலில் வீட்டுக்குள் பாருங்க. கதவு இடுக்கில் நசுங்கிய வயர், ஆணியில் சுத்திவச்ச உபரி வயர், ஓஎன்டிக்குப் பின்னால் நறுக்குன்னு மடங்கின இடம். வளையம் உள்ளங்கை அளவுக்குக் குறையக் கூடாது. அடுத்து கனெக்டர். பச்சைத் தலை (ஏபிசி) பச்சையோடதான் சேரணும். அவசரத்துக்கு நீலத் தலையைப் பச்சையில் சொருகி விட்டிருந்தால் அதிலேயே சில டிபி காலி. முனையைச் சட்டையில் துடைக்கக் கூடாது. அதற்குன்னு பேனா மாதிரி கிளீனர் அவர்கிட்ட இருக்கும்.

வெளியேன்னா எஸ்டேட் வழியா வரும் டிராப் வயர்தான் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர்) சந்தேகம். காபிக்கு நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் கிளை விழுந்து இழுத்த இடம், குரங்கு தொங்கித் தொய்ந்த இடம், தண்ணி இறங்கின ஜாயின்ட் பாக்ஸ். பவர் மீட்டரை ஸ்ப்ளிட்டர் பெட்டியில் ஒரு தடவை, உங்க வீட்டில் ஒரு தடவை வச்சா வித்தியாசம் எந்தத் துண்டில்னு ரெண்டு நிமிஷத்தில் தெரிஞ்சிடும். ‘டேப் சுத்தி விடறேன்’னா ஒத்துக்காதீங்க, ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் (முனைகளை உருக்கி ஒட்டுவது) போடச் சொல்லுங்க. நல்ல ஸ்ப்ளைஸில் 0.1 டிபிக்கு மேல் போகாது. -22, -23-க்கு வந்த பிறகு மறுபடி 500 பிங்.

இன்னொரு கேள்வி அவர்கிட்ட கேட்க வேண்டியது: ஓஎல்டி எங்கே இருக்கு, அதுக்கு பேட்டரி எத்தனை மணி நேரம்? ஃபைபருக்குக் கரண்ட் வேண்டாம், ஓஎல்டிக்கு வேணும். உங்க வீட்டில் எட்டு மணி நேர பேக்கப் வச்சிருந்து, அவர் கடை இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தில் படுத்தா என்ன பிரயோஜனம்?

மாற்று இணைப்புக்கு இன்னொரு ஃபைபர் வாங்காதீங்க. அதே கம்பத்தில்தான் வரும், ஒரே கிளை ரெண்டையும் சாய்ச்சிடும். சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று, அல்லது ஃபோனை யுஎஸ்பி வயரில் டெதர் பண்ணிக்கலாம் (ஃபோன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது). எந்த சிம்னு விளம்பரத்தைப் பார்த்து முடிவு பண்ணாம, ஃபோன் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் போய் சிக்னல் வலிமையைப் பாருங்க. -95 டிபிஎம் அல்லது அதைவிட மேல்னா நல்லது, -110-க்குக் கீழே போனா கால் அறுபடும். மலையில் ஒரே வீட்டில் கிழக்கு ஜன்னலுக்கும் சமையலறைக்கும் 15 டிபி வித்தியாசம் வரும். மே மாசம் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் சிக்னல் முழுசா இருந்தாலும் டேட்டா நகராது, டவருக்கு அத்தனை பேர். சோதனையை ஒரு ஞாயித்துக்கிழமையும் செஞ்சு பாருங்க. அந்த இணைப்பை விண்டோஸில் மீட்டர்டுன்னு (அளவான டேட்டா) குறிச்சு வைங்க, இல்லேன்னா அப்டேட் வந்து ஒரு நாள் டேட்டாவை ஒரே வாயில் விழுங்கிடும்.

பேட்டரிதண்ணி

பவர் பற்றி. எல்லாரும் நீளமான ஷட்டவுனுக்குப் பயப்படுவாங்க. அது முன்கூட்டியே அறிவிச்சு வருது. ஈபி பராமரிப்பு அறிவிப்பு முந்தின நாளே பேப்பரில் வந்திடும், ஷிப்ட் மாத்திக்கலாம். வேலையைக் கெடுப்பது ஒரு விநாடிக் கரண்ட் வெட்டு.

கணக்குப் பாருங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது, பேட்டரி இருக்கு. ஓஎன்டி மட்டும் ரீபூட் ஆகும். அது எழுந்து, லைன் பிடிச்சு, விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான வழி) மறுபடி கேட்டு, ஓடிபி போட்டு, டெஸ்க்டாப் திறந்து, டயலரில் (கால் வந்து சேரும் மென்பொருள்) ‘அவைலபிள்’ வர 6, 7 நிமிஷம். காத்தடிக்கிற நாளில் நாலு தடவை வெட்டினா 28 நிமிஷம். 480 நிமிஷ ஷிப்டில் 6 சதவீதம் கிட்ட போச்சு. இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோட்’ ஸ்விட்ச் இருந்தா அதில் போடுங்க, மாறும் நேரம் குறையும். அதோட ஓஎன்டிக்குத் தனியா ஒரு மினி டிசி யுபிஎஸ்.

மினி யுபிஎஸ் வாங்கும்போது ஓஎன்டி அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படிங்க. 12 வோல்ட், 1 ஆம்பியரா 1.5-ஆ 2-ஆ? அதுக்குக் குறைஞ்சதை வாங்கினா ஓஎன்டி ஓடும், வைஃபையில் லோடு ஏறும்போது தானா ரீபூட் ஆகும், காரணமே புரியாது. பெட்டியில் 10,400 எம்ஏஎச்னு போட்டிருப்பதை 12 வோல்ட் கணக்கில் பார்க்காதீங்க, அது 3.7 வோல்ட் செல்லுக்கு. 38 வாட்-அவர், சேதாரம் போக 32. பத்து வாட் ஓஎன்டிக்கு மூணு மணி நேரம் வரும். தனி ரவுட்டரும் சேர்த்தா பாதி.

பெரிய இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று போதும், ஆனா முழு நாள் ஷட்டவுனுக்கு மட்டுமட்டு. லேப்டாப் 60, மானிட்டர் 25, ஓஎன்டி 10, லைட் 10, சாதா சீலிங் ஃபேன் 70, ஆக 175 வாட். எட்டு மணி நேரத்துக்கு 1,400 வாட்-அவர். 150 ஏஎச் பேட்டரி சேதாரம் போகக் கொடுப்பதும் கிட்டத்தட்ட 1,440 தான், அப்படி அடிமட்டம் வரை இறக்கினா பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். சேலத்தில்னா பிஎல்டிசி (குறைந்த கரண்ட் எடுக்கும்) ஃபேனுக்கு மாறுங்க, 70 வாட் 30 ஆகும். நாகலூரில் வருஷத்தில் பாதி நாள் ஃபேனே வேண்டாம், அந்த 70 மிச்சம்.

மலையில் பயப்பட வேண்டியது இடி. சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பாருங்க. ஃபைபர் கண்ணாடிதான், மின்சாரம் கடத்தாது. ஆனா டிராப் வயரோட கூட வரும் இரும்புக் கம்பி கடத்தும். அதை வீட்டுக்கு வெளியிலேயே கொக்கியில் மாட்டி வெட்டிடணும், ஓஎன்டி வரைக்கும் கொண்டு வரக்கூடாது. ஈபி லைன் வழியா வருவதுக்கு நல்ல எர்த் இல்லாம சர்ஜ் ப்ரொடெக்டர் வெறும் பிளக் கட்டைதான். பாறை மண்ணில் எர்த் லேசில் இறங்காது. கரி, உப்புப் போட்ட குழியா இருந்தா கோடையில் வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். எலக்ட்ரீஷியனை வச்சு எர்த் மீட்டரில் பாருங்க, 5 ஓமுக்குள் வந்தா நிம்மதி. இடி நெருங்கினா சார்ஜரையும் லேன் கேபிளையும் உருவிட்டு ஃபோன் டெதரில் ஓட்டுங்க. கம்பெனி லேப்டாப் கருகினா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

ரோஸ்டர்ராணி

லேப்டாப் வரும் நாளிலிருந்து சொல்றேன், அங்கேதான் முதல் வாரம் வீணாகும்.

கூரியர் மலைக்கு மேல் வீடு வரை வருமான்னு எச்ஆர்கிட்ட முதலிலேயே கேளுங்க, இல்லேன்னா சேலம் முகவரி கொடுங்க. ஆனா வேலை செய்யும் முகவரின்னு எழுதிக் கொடுப்பது நாகலூரா இருந்தா எல்லாப் படிவத்திலும் நாகலூர். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் ஆதாரில் ஒன்று, படிவத்தில் ஒன்றுன்னு வந்தா சேரும் தேதி தள்ளிப்போகும். பெட்டியைப் பிரிக்கும் முன்னும் பின்னும் ஃபோட்டோ, சீரியல் நம்பர், அசெட் டேக், சார்ஜர், ஹெட்செட் எல்லாத்தையும் எழுதி அன்னிக்கே மெயில். வேலையை விடும்போது ‘டாங்கிள் வரலை’ன்னு சம்பளத்தில் பிடிக்காமல் காப்பாத்துவது அந்த மெயில்தான்.

முதல் லாகின் ஒரு முட்டை-கோழிச் சிக்கல். டொமைன் (கம்பெனி) பாஸ்வேர்டு அந்த லேப்டாப்பில் இன்னும் பதிவாகலை, அதனால் விபிஎன் இல்லாம லாகின் ஆகாது, லாகின் ஆகாம விபிஎன் திறக்க முடியாது. லாகின் திரையில் கீழ் வலது மூலையில் நெட்வொர்க் அடையாளத்துக்குப் பக்கத்தில் விபிஎன்னுக்குன்னு ஒரு சின்னம் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஐடி டெஸ்க்கைக் கூப்பிடத்தான் வேணும். திங்கள் காலை 9 மணிக்கு எல்லாரும் கூப்பிடுவாங்க, முந்தின வேலை நாள் மதியமே முடிச்சிடுங்க. ஓடிபி ஆப் தப்புன்னே சொல்லிக்கிட்டிருந்தா ஃபோனோட கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்கான்னு பாருங்க. வேறு ஃபோனுக்கு மாறும் யோசனை இருந்தா பழையதை அழிக்கும் முன் புதுசில் பதிவு பண்ணுங்க. பாஸ்வேர்டு காலாவதியாகும் முன் விபிஎன்னில் இருக்கும்போதே மாத்தணும், வெளியே மாத்தினா லேப்டாப் பழசையே பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

விபிஎன் ‘கனெக்டட்’னு காட்டுது, சின்னப் பக்கம் திறக்குது, பெருசு தொங்குதுன்னா எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) சிக்கல். யூசர்நேம் போட்டு இணையும் லைனில் 1492 தான் போகும். ‘துண்டாக்காதே’ன்னு சொல்லி 1464 அளவில் (தலைப்புக்கான 28 சேர்த்தா 1492) பிங் போகணும், 1472 போகக்கூடாது. அந்த முடிவை ஐடி டெஸ்க்குக்குக் கொடுத்தா அரை மணி நேர விசாரணை மிச்சம். கம்பெனி லேப்டாப்பில் நீங்களா எதையும் மாத்தாதீங்க.

அறை விதியும் கறாரா இருக்கும். மேஜையில் பேனா, பேப்பர், சொந்த ஃபோன் கூடாது. கேமராவில் அறையைச் சுத்திக் காட்டச் சொல்வாங்க. வாடிக்கையாளரோட நம்பர், முகவரி எல்லாம் திரையில் இருக்கே. ஓடிபி ஃபோனில்தானே வருதுன்னு கேட்டா, லாகினுக்கு எடுத்துட்டு அலமாரியில் வைக்கணும். ரெண்டு நாள் ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்க்கலாம்னு லேப்டாப்பைத் தூக்கிட்டுக் கிளம்பாதீங்க, இணைப்பு மாறினது அவங்களுக்கு உடனே தெரியும். வீட்டிலிருந்து கால் எடுப்பதே சட்டப்படி எளிதானது 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓஎஸ்பி (கால் சென்டர் மாதிரிச் சேவை கொடுப்பவர்கள்) விதிகளைத் தளர்த்திய பிறகுதான். அரசு விதி தளர்ந்தாலும் கம்பெனி விதி தளரலை.

கால் பற்றி ஒன்றே ஒன்று. ஏஎச்டி என்பது பேச்சு, ஹோல்ட், கால் முடிஞ்சு எழுதும் நேரம் மூணும் சேர்ந்தது. புதுசா வர்றவங்க பேச்சை அவசரப்படுத்துவாங்க. ஆனா நேரம் போவது கடைசியில் டிக்கெட் (புகார்க் குறிப்பு) எழுதும்போது. பேசிக்கிட்டே எழுதிடுங்க. முதல் கேள்வி எப்பவும் ‘எந்த லைட் என்ன நிறம்’. எல்ஓஎஸ் சிவப்புன்னா ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி நேரம் வீணாக்காம நேரே ஃபீல்டுக்கு டிக்கெட். பான் (ஃபைபர் இணைப்பு) பச்சை, இன்டர்நெட் லைட் இல்லைன்னா லாகின் அல்லது பில் பாக்கி. ரெண்டும் பச்சை, ‘ஸ்லோ’ன்னா கேபிளில் சோதிக்கச் சொல்லணும். ஒளிக்கம்பி மேலே உங்களுக்குச் சொன்னதே பாதி டிரெய்னிங்.

குகைவாசி

பணம் பக்கம் யாரும் சொல்லலை. வெண்டர் பேரோல்னா ஆஃபர் லெட்டரில் முதலாளி பெயர் வெண்டர்தான். பிஎஃப் பேசிக்கில் 12 சதவீதம், பழைய யுஏஎன் (பிஎஃப் எண்) இருந்தா அதையே கொடுங்க. மொத்தச் சம்பளம் 21,000-க்குள்னா இஎஸ்ஐ 0.75 சதவீதம் உங்க பங்கு. ரெண்டும் இல்லாம ‘கன்சல்டன்ட்’னு போட்டிருந்தா கேள்வி கேளுங்க. இன்டர்நெட் படி தருவாங்கன்னா பில் உங்க பேரில், ஜிஎஸ்டியோட வரணும். கேபிள்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதை ஏத்துக்க மாட்டாங்க.

இதைப் படிக்கும் மத்தவங்களுக்கு: லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் கட்டணம்னு முன்பணம் கேட்டா அது வேலை இல்லை. கட்டி ஏமாந்தவங்க உடனே 1930-ஐக் கூப்பிடணும், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும். இன்னொரு வலை, ‘டெலிகாம் வேலை, வீட்டில் ஒரு பெட்டி வச்சு நெட் கொடுத்தா போதும், மாசம் வாடகை’ன்னு வரும். ஆன்டெனா வரிசையா முளைச்ச, நிறைய சிம் சொருகின பெட்டி. அது சிம் பாக்ஸ், மோசடிக் கால்கள் உங்க வீட்டு வழியாப் போகும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அனுமதியில்லாமல் சேவை நடத்தினா 3 ஆண்டு வரை சிறை. ஆதாரை யாருக்காவது கொடுத்திருந்தா சஞ்சார் சாத்தி தளத்தில் உங்க பேரில் எத்தனை சிம் ஓடுதுன்னு ஒரு தடவை பார்த்திடுங்க.

மலைவீடு

எல்லாருக்கும் நன்றிங்க. ஆபரேட்டர் வந்தார். வெளியே பெட்டியில் -21.9, வீட்டுக்குள் -26.8. ஜன்னல் சட்டத்தில் வயர் நசுங்கியிருந்தது. புது டிராப் போட்டு இப்போ -22.4, பிங் 500-க்கு 500. ஓஎல்டி ஏற்காடு டவுனில், பேட்டரி 4 மணி நேரம்னு சொல்றார். நாகலூர்னே முடிவு பண்ணிட்டேன். ஒரே சந்தேகம்: மினி யுபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் பிளக்கில் போடணுமா, ஈபி பிளக்கிலா?

பேட்டரிதண்ணி

இன்வெர்ட்டர் பிளக்கில். வெட்டும் விநாடியை மினி யுபிஎஸ் தாங்கும், மீதி நேரத்தை இன்வெர்ட்டர் தாங்கும். மாட்டினதும் ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணி, பிங் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒன்றுகூட விட்டுப்போகலைன்னு பார்த்துக்குங்க. ஓஎல்டி 4 மணி நேரம்னா நாள் முழுக்க ஷட்டவுன் வரும் தேதியில் மதியத்துக்கு மேல் சிம்மை நம்பித்தான் ஓட்டணும். அந்த நாளுக்கு டேட்டா டாப்-அப்பை முந்தின ராத்திரியே போட்டு வைங்க.